வேலைக்கு ஏற்ற ஏணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? உயரம், வகை, சுமை, பொருள்: முழுமையான வழிகாட்டி

ஏணி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை அடி ஏணி இருக்கிறது?" என்றுதான். கடைக்காரரும் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் ஏணியின் நீளம். அதன் உச்சியில் யாரும் நிற்கப் போவதில்லை, நிற்கவும் கூடாது. அதனால் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒன்றைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலையைச் செய்யும்போது என் பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? இதற்கு விடை கிடைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எதன் மேல் சாய்ப்பது, எவ்வளவு எடை ஏறும், பக்கத்தில் மின்சாரம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பாதம் நிற்கும் உயரம்

கை வலிக்காமல், உடல் வளையாமல் வேலை செய்ய வசதியான இடம் மார்புக்கும் தலைக்குச் சற்று மேலேயும் உள்ள பகுதி. 165 செ.மீ. உயரமுள்ளவர் கையை முழுக்க நீட்டினால் விரல் நுனி 2 மீட்டரைத் தொடும். ஆனால் கை நீட்டித் தொடுவது வேறு, திருப்புளியை அழுத்தித் திருகுவது வேறு. அவருக்கு உருப்படியாக வேலை நடக்கும் உயரம் பாதத்திலிருந்து 1.9 மீட்டர் வரைதான்.

மூன்று மீட்டர் உயரக் கூரையில் விளக்கு மாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டரில் 1.9 போனால் 1.1. பாதம் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மடக்கு ஏணியில் உச்சிப் பலகையிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது. அந்த இரண்டையும் கழித்தால், நிற்கத் தகுந்த மிக உயரமான படி ஏணியின் உச்சிக்குச் சுமார் 60 செ.மீ. கீழே இருக்கும். 1.1 மீட்டரோடு 0.6 சேர்த்தால் 1.7. கடையில் கிடைக்கும் அளவுகளில் இதற்குப் பொருந்துவது ஆறடி ஏணி, அதாவது 1.8 மீட்டர்.

கணக்குப் போட நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு: மடக்கு ஏணியின் அடியோடு நான்கைக் கூட்டினால் கை எட்டும் உயரம் வரும். நாலடி ஏணியில் எட்டடி, ஆறடி ஏணியில் பத்தடி, எட்டடி ஏணியில் பன்னிரண்டடி. சராசரி உயரமுள்ளவருக்கான கணக்கு இது. குள்ளமானவர் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஏணி குறைவதுதான் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். குறைந்தால் கடைசிப் படியில் ஏறி, பிறகு உச்சிப் பலகையில் ஒரு கால் வைத்து, பிறகு பெருவிரலில் நிற்கத் தோன்றும். கூடுதலாக இருந்தாலும் தொல்லைதான். எட்டடிக் கூரையுள்ள அறைக்குள் எட்டடி மடக்கு ஏணியை நிமிர்த்தவே முடியாது. மடக்கியிருக்கும்போது அதன் நீளம் விரித்து நிற்கும் உயரத்தைவிட அதிகம். ஆறடி ஏணி விரிந்தால் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ ஒரு மீட்டர் இடம் கேட்கும். குளியலறை, தாழ்வாரம் போன்ற இடுக்கில் வேலை என்றால் தரையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். ஏணி முழுக்க விரியாமல் பாதியில் நின்றால் பூட்டு விழாது. பூட்டு விழாத ஏணியில் ஏறுவதைவிட ஏறாமல் இருப்பதே மேல்.

சாய்த்து வைக்கும் ஏணிக்கு நீளம்

சுவரில் சாய்க்கும் ஏணிக்குக் கணக்கு வேறு. நான்குக்கு ஒன்று என்பதே உலகெங்கும் கடைப்பிடிக்கும் விகிதம். ஏணி சாயும் இடம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், அடிப்பகுதி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தரையோடு சுமார் 75 பாகைக் கோணம் வரும்.

கூரைக்கோ மொட்டை மாடிக்கோ ஏறி இறங்க வேண்டுமென்றால், ஏணி அந்த விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டர் மேலே நீள வேண்டும். மாறி ஏறும்போது பிடித்துக்கொள்ள அந்த ஒரு மீட்டர்தான் கைப்பிடி. அதையும் சேர்த்து வரும் நீளங்கள் இவை:

விளிம்பு 3 மீட்டர் என்றால்: அடி 75 செ.மீ. தள்ளி, ஏணி 4.1 மீட்டர்.
விளிம்பு 4 மீட்டர் என்றால்: அடி 1 மீட்டர் தள்ளி, ஏணி 5.1 மீட்டர்.
விளிம்பு 5 மீட்டர் என்றால்: அடி 1.25 மீட்டர் தள்ளி, ஏணி 6.15 மீட்டர்.
விளிம்பு 6 மீட்டர் என்றால்: அடி 1.5 மீட்டர் தள்ளி, ஏணி 7.2 மீட்டர்.

கூரைக்கு ஏறாமல் சுவரிலேயே வேலை என்றால் மேலே நீட்ட வேண்டியதில்லை. ஆனால் உச்சியிலுள்ள மூன்று படிகளில் நிற்கக் கூடாது. நான்காவது படி உச்சியிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இருக்கும். 5 மீட்டர் உயரத்தில் சன்னலின் மேல்விளிம்பைப் பூச வேண்டும், அது முகத்துக்கு நேரே வர வேண்டும் என்றால் பாதம் 3.5 மீட்டரில் நிற்கும். ஏணியின் உச்சி 4.5 மீட்டரில் இருக்க வேண்டும். சாய்வையும் சேர்த்தால் நீளம் 4.65 மீட்டர்.

இரண்டு துண்டாக நீளும் எக்ஸ்டென்ஷன் ஏணி வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 20 அடி என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது இரண்டு பத்தடித் துண்டுகளின் கூட்டுத்தொகை. இரு துண்டும் ஒன்றன் மேல் ஒன்று குறைந்தது 90 செ.மீ., அதாவது மூன்றடி ஏறி நிற்க வேண்டும். அப்போது கிடைப்பது 17 அடி. மேலே சொன்ன 4 மீட்டர் விளிம்புக்கு அது சரியாகப் போதும். 5 மீட்டர் விளிம்புக்கு அதே ஏணியை இழுத்துச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் அந்த 90 செ.மீ.யில்தான் கை வைப்பார்கள். துண்டுகள் சேரும் இடம் ஏணியின் நடுவில் இருக்கிறது. வளைவு மிகுதியாக வரும் இடமும் அதுதான். சுமை ஏறியதும் முதலில் விட்டுக்கொடுப்பதும் அங்கேதான்.

எந்த வகை?

பிரிக்கும் கேள்வி ஒன்றே: சாய்க்க உறுதியான இடம் இருக்கிறதா? அறையின் நடுவே விளக்கு மாட்ட எதிலும் சாய்க்க முடியாது. தானாக நிற்கும் மடக்கு ஏணி வேண்டும். வெளிச்சுவர், மொட்டை மாடி என்றால் சாய்ப்பு ஏணி.

மடக்கு ஏணியில் ஒரு பக்கம் படி, மறுபக்கம் வெறும் சட்டம் உள்ளதுதான் அதிகம் விற்கிறது. பின்பக்கத்துக் குறுக்குச் சட்டங்கள் ஏணியை இறுக்கிப் பிடிக்க வைத்தவை, ஏறுவதற்கானவை அல்ல. இருவர் இரு பக்கமும் ஏற வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் படி வைத்த ஏணியையே வாங்க வேண்டும்.

மேடை ஏணியைப் பலரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை, விலையும் இடமும் கூடும் என்று. நமக்குப் பிடித்தது அதுதான். உச்சியில் இரண்டு பாதமும் முழுதாக வைக்கும் பலகை, இடுப்பைச் சுற்றி ஒரு கம்பி. அரைமணி நேரம் கூரைக்கு வர்ணம் அடிக்கிறவர் சாதாரண ஏணியின் எட்டு செ.மீ. படியில் நின்றால் உள்ளங்கால் மரத்துப் போகும். மரத்த காலோடு இறங்கும்போதுதான் படி தவறும். கூரை வேலை அடிக்கடி வரும் இடத்தில் மேடை ஏணி தனக்கான காசைத் தானே சம்பாதித்துவிடும். அதற்கு அளவு பார்க்கும்போது உச்சி வரை நீளத்தைப் பார்க்காதீர்கள். மேடையின் உயரம் என்று தனியாகப் போட்டிருப்பதே உங்கள் பாதம் நிற்கும் உயரம்.

ஒற்றைச் சாய்ப்பு ஏணியில் சொல்ல அதிகமில்லை. எளியது, உறுதியானது, எடுத்துப் போவதுதான் சிரமம். எக்ஸ்டென்ஷன் ஏணி அந்தச் சிரமத்தைக் குறைக்கும், பதிலுக்குக் கயிறு, கப்பி, கொக்கி என்று பார்க்க வேண்டிய பாகங்கள் கூடும். நீட்டும்போது மேல்துண்டு ஏறுகிறவரின் பக்கத்தில் இருக்கிறதா, இரு பக்கக் கொக்கியும் படியில் முழுக்க விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும்.

கீல் வைத்து நான்கு துண்டாக மடங்கும் பல்வகை ஏணி மாடிப்படி வேலைக்கு ஏற்றது. ஒரு பக்கத்தைக் குட்டையாகவும் மறுபக்கத்தை நீளமாகவும் வைக்க முடியும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், எல்லாவற்றிலும் அது முடியாது. ஒவ்வொரு கீலிலும் பூட்டு விழும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும்.

குழாய்க்குள் குழாயாகச் சுருங்கும் டெலஸ்கோப்பிக் ஏணி கார் டிக்கியில் அடங்கும். இதன் பலவீனம் எண்ணிக்கைதான்: ஒவ்வொரு படிக்கும் இரண்டு பூட்டு, பத்துப் படிக்கு இருபது பூட்டு. ஒன்றில் மணல் புகுந்து பாதி மூடினாலும் ஆள் ஏறியதும் அந்தப் படி சரியும். பயன்படுத்திய பின் குழாய்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும். சுருக்கும்போது படிகளுக்கு நடுவே விரல் இருக்கக் கூடாது.

மண்தரையில் மரம் கத்தரிக்க, காய் பறிக்க மூன்று கால் ஏணி. நான்கு கால் உள்ளது மேடு பள்ளத்தில் ஆடும். மூன்று கால் எப்போதும் தரையைத் தொடும். சமதளத்தில், அதுவும் வழவழப்பான தரையில், அதைப் பயன்படுத்தக் கூடாது. அதன் பின்கால் மண்ணில் ஊன்றி நிற்பதற்காகச் செய்தது.

சுமை: ஆளின் எடை மட்டும் அல்ல

ஏணியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதிகபட்ச சுமை இருக்கும். அதில் ஆளோடு அவர் உடுத்தியது, செருப்பு, கருவி, கையிலுள்ள பொருள் எல்லாம் அடங்கும். 82 கிலோ எடையுள்ளவர், 6 கிலோ கருவிப் பட்டை, 3 கிலோ டிரில், பத்து லிட்டர் வர்ண வாளி சுமார் 14 கிலோ. கூட்டினால் 105 கிலோ. 100 கிலோ என்று எழுதிய ஏணி "நமக்கு 82 தானே" என்று வாங்கியவருக்கு வாளியைத் தூக்கியதுமே எல்லை தாண்டிவிடும்.

அமெரிக்க ஏ.என்.எஸ்.ஐ. தரத்தில் ஐந்து வகுப்புகள்: டைப் 3 என்றால் 91 கிலோ, டைப் 2 என்றால் 102, டைப் 1 என்றால் 113, டைப் 1ஏ என்றால் 136, டைப் 1ஏஏ என்றால் 170 கிலோ. ஐரோப்பாவின் ஈ.என். 131 தரத்தில் தொழில்முறை, வீட்டு உபயோகம் என்று இரண்டே பிரிவு. இரண்டுக்கும் சுமை 150 கிலோதான். வேறுபாடு உழைப்பில்: மடக்கு ஏணியைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கும் சோதனையைத் தொழில்முறை ஏணி 50,000 தடவை தாங்க வேண்டும், வீட்டு ஏணிக்கு 10,000 போதும். ஆண்டுக்கு நான்கு முறை பல்பு மாற்றுகிறவருக்கு இரண்டாவதே வாழ்நாளுக்கும் வரும். தினமும் ஏறுகிற எலக்ட்ரீஷியனுக்கு வராது.

எதுவும் எழுதாத ஏணியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். அதே சமயம் "இருப்பதிலேயே கனமானதைக் கொடுங்கள்" என்பதும் சரியில்லை. சுமை வகுப்பு கூடக் கூட ஏணியின் எடையும் ஏறும். ஒருவர் தனியாகத் தூக்கி நிமிர்த்த முடியாத ஏணி, நிமிர்த்தும்போதே சரிந்து சன்னலை உடைக்கும்.

என்ன பொருளால் செய்தது?

மின்கம்பி, மின்பெட்டி, விளக்கு இணைப்பு எதுவும் அருகில் வரும் வேலை என்றால் அலுமினியமும் இரும்பும் கிடையாது. ஃபைபர் கிளாஸ் ஏணி. இதில் பேரம் இல்லை. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதும் அது உலர்ந்து சுத்தமாக இருக்கும் வரைக்கும்தான். மழையில் நனைந்த, மேலெல்லாம் சிமெண்ட் தூசியும் கிரீஸும் அப்பிய ஃபைபர் ஏணியை நம்பக் கூடாது. எந்த ஏணியாக இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைப்பது அணைப்பதுதான். வெளியே மேலே போகும் மின்கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருங்கள், உயர் அழுத்தம் என்றால் இன்னும் அதிகம். இந்தத் தூரத்தை ஏணி சாய்ந்து நிற்கும் நிலையில் மட்டும் அளந்தால் போதாது. நீண்ட ஏணியை நிமிர்த்தும்போதும் திருப்பும்போதும் அதன் உச்சி எங்கெல்லாம் போய் வரும் என்று பாருங்கள். கம்பியைத் தொடும் ஏணிகள் பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில்தான் தொடுகின்றன.

மின்சாரம் இல்லாத வேலைக்கு அலுமினியம் போதும். எடை குறைவு, துருப்பிடிக்காது. அதன் எதிரிகள் இரண்டு. ஒன்று சுண்ணாம்பும் ஈரச் சிமெண்டும்; காரம் அலுமினியத்தை அரிக்கும், வேலை முடிந்ததும் கழுவ வேண்டும். மற்றது வளைவு. வளைந்த சட்டத்தைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தினால் பார்க்க நேராகும், அந்த இடத்தில் உலோகம் பலம் இழந்திருக்கும். தீயில் அகப்பட்ட அலுமினிய ஏணிக்கும் அதே கதி, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும்.

ஃபைபர் ஏணி அதே அளவு அலுமினியத்தைவிடக் கனம். வெயிலிலேயே கிடந்தால் மேல்பூச்சு போய் நார் எழும்பும், பிடித்த கை அரிக்கும். அரிப்பு வந்தால் ஏணிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

மர ஏணிக்கு வர்ணம் அடிக்காதீர்கள். வர்ணத்தின் அடியில் விரிசல் ஒளிந்துகொள்ளும். தெளிவான வார்னிஷ் போதும். ஈர மரம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மூங்கில் ஏணியில் படி கணுவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, கட்டு தளர்ந்திருக்கிறதா, அடியில் உளுத்த மாவு கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாவு கொட்டினால் அது விறகு.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

ஏணியை விரித்து வையுங்கள். இரு பக்கத்துக் கால்களையும் விலகாமல் பிடிக்கும் குறுக்குப் பட்டைகள் முழுக்க நேராகிப் பூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு காலும் தரையைத் தொடுகின்றனவா? ஒன்று மட்டும் காகிதம் நுழையும் அளவு எழும்பி நின்றால் வேறு ஏணி கேளுங்கள்.

பிறகு இரண்டாவது படியில் ஏறி நின்று எடையை இடமும் வலமுமாக மாற்றுங்கள். சட்டம் முறுக்கிக்கொள்கிறதா என்று இடுப்பே சொல்லிவிடும். கொஞ்சம் நெகிழ்வது இயல்பு. உச்சிப் பலகை ஒரு பக்கம் திரும்புவது இயல்பு அல்ல. படியின் அகலத்தைப் பாருங்கள்: உருண்டைக் கம்பி ஏறி இறங்க மட்டும் போதும், நின்று வேலை செய்யத் தட்டையான, சொரசொரப்பான படி வேண்டும். படியும் சட்டமும் சேரும் இடத்தில் ரிவிட்டை நகத்தால் அசைத்துப் பாருங்கள். அசையக் கூடாது.

கடைசியாகக் கால் ரப்பர். அது தனியாக வாங்கி மாற்றக்கூடியதா என்று கேட்டுவிடுங்கள். ஏணியில் முதலில் தேய்வது அதுதான். உள்ளே உலோகம் எட்டிப் பார்க்கும் வரை தேய்ந்த ரப்பரோடு ஓடு பதித்த தரையில் ஏணி வைப்பது, சக்கரம் வைத்த ஏணியில் ஏறுவது மாதிரி.

சாய்ப்பு ஏணி ஏன் உச்சியில் வழுக்குகிறது?

முதல் படியில் ஏறி இரண்டு குதி குதித்துவிட்டு "அசையவில்லை, நல்லாத்தான் நிக்குது" என்பார்கள். அந்தச் சோதனை கால் மண்ணில் பதிவதற்கு உதவும். வழுக்குமா என்பதை அது சொல்லாது. காரணம் எளிய கணக்கு. வழவழப்பான சுவர் என்று வைத்துக்கொண்டு, ஏணியின் சொந்த எடையை விட்டுவிட்டுப் பாருங்கள். நான்குக்கு ஒன்று சாய்வில் 80 கிலோ ஆள் உச்சியில் நின்றால், ஏணியின் அடி 20 கிலோ எடைக்குச் சமமான விசையில் வெளியே நழுவப் பார்க்கும். அவரே பாதி உயரத்தில் நின்றால் 10 கிலோ. முதல் படியில் ஒன்றுமே இல்லாத மாதிரி. அதாவது ஏற ஏற வழுக்கும் விசை கூடுகிறது, தரையின் பிடிப்போ அப்படியே இருக்கிறது.

இப்போது சாய்வைக் கெடுத்துப் பாருங்கள். இடம் இல்லை, நடுவில் பூந்தொட்டி இருக்கிறது என்று அடியை இரண்டுக்கு ஒன்று அளவில் தள்ளி வைத்தால், உச்சியில் அந்த 20 கிலோ 40 ஆகிவிடும். உலர்ந்த கான்கிரீட்டில் நல்ல ரப்பர் அதையும் பிடித்துவிடலாம். அதே தரையில் மெல்லிய மணலோ சோப்பு நீரோ இருந்தால் பிடிக்காது. மாறாக, அடியை மிக நெருக்கி வைத்தால் அடி வழுக்காது, ஆள் பின்பக்கமாகச் சாய்வார்.

கோணத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஏணியின் அடியில் பெருவிரல் தொடும்படி நேராக நின்று கைகளைத் தோள் உயரத்தில் முன்னே நீட்டுங்கள். உள்ளங்கை எதிரே உள்ள படியில் சரியாகப் படிந்தால் சாய்வு சரி. எட்டாவிட்டால் ஏணி படுத்துக் கிடக்கிறது; முழங்கை மடங்கினால் செங்குத்தாக நிற்கிறது.

பிறகு கட்டுங்கள். உச்சியில் இரண்டு சட்டத்தையும் உறுதியான ஒன்றோடு கட்டுவதே முதல்தரம். முடியாவிட்டால் அடியில் கட்டுவது, அதுவும் முடியாவிட்டால் கீழே ஒருவர் பிடிப்பது. "ஏற்றிவிட்டு ஏணியைத் தட்டிவிட்டான்" என்று ஊரில் ஆளைத் திட்டுவார்கள். கட்டாத ஏணி அதை யார் தூண்டுதலும் இல்லாமல் செய்யும், நீங்கள் கூரைக்குக் கால் மாற்றும் அந்த நொடியில். விளிம்புக்கு மேலே நீளும் ஒரு மீட்டர் பிடிக்க மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். அந்தப் படிகளில் ஏறி நின்றால் விளிம்பு நெம்புகோலின் முட்டாகி, அடி தரையைவிட்டு எழும்பும்.

எதில் சாய்க்கக் கூடாது: பிளாஸ்டிக் மழைநீர்க் குழாய், கண்ணாடி, மெல்லிய தகடு, வட்டமான கம்பம். சன்னல் பக்கம் வேலை என்றால் உச்சியில் மாட்டும் அகலத் தாங்கி கிடைக்கும்; சன்னலின் இரு பக்கச் சுவரிலும் அது ஊன்றும்.

மேடு பள்ளமான தரையில் ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைப்பது எல்லோரும் செய்வது. செங்கல் ஆடும், உடையும், ஈரத்தில் நழுவும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் துணைக்கால் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் தாழ்ந்த பக்கத்தை உயர்த்துவதற்குப் பதில் மேட்டை மண்வெட்டியால் செதுக்கிச் சமமாக்குங்கள்.

மடக்கு ஏணி ஏன் பக்கவாட்டில் சாய்கிறது?

ஆறடி மடக்கு ஏணியின் அடி அகலம் சுமார் அரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து ஒரு காலுக்கு 25 செ.மீ. ஆளும் ஏணியும் சேர்ந்து 83 கிலோ என்று வைப்போம். ஏணியைச் சுவருக்குப் பக்கவாட்டாக நிறுத்திவிட்டு, 2.7 மீட்டர் உயரத்தில் சுவரில் துளை போடுகிறீர்கள். டிரில்லை அழுத்தும் விசை அப்படியே உங்களைப் பின்னுக்குத் தள்ளும். 83-ஐ 25 செ.மீ.யால் பெருக்கி 2.7 மீட்டரால் வகுத்தால் வருவது சுமார் 8 கிலோ. கான்கிரீட்டில் டிரில்லை அழுத்தும்போது 8 கிலோவை யாரும் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். சுவர்ப் பக்கத்துக் கால்கள் தரையைவிட்டு எழும்ப அதுவே போதும்.

ஏணியின் முகம் வேலையைப் பார்த்து நிற்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நேராக வைத்தால் அடித்தளம் நீளவாக்கில் விரிந்திருக்கும். முழங்காலை மேல்படியில் சாய்த்து உடலை முன்னே கொண்டுபோகலாம். தாங்கும் அளவு நன்றாகவே கூடும். அப்போதும் ஓங்கி இழுப்பது, நெம்புவது, பெரிய துளை போடுவது எல்லாம் ஏணி வேலை இல்லை.

இடுப்பு பெல்ட்டின் கொக்கி இரண்டு சட்டங்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். அது வெளியே போகும் அளவுக்கு எட்ட வேண்டியிருந்தால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். ஏணியில் நின்றபடியே குலுக்கி நகர்த்துகிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மடக்கிய நிலையில் மடக்கு ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறுவதும் வழக்கத்தில் இருக்கும் தவறு. அதன் கால் ரப்பர் விரிந்து நிற்கும் கோணத்துக்கு வெட்டியது. சாய்த்தால் ரப்பரின் ஓர் ஓரம்தான் தரையைத் தொடும். அப்படியும் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் ஏணிகள் தனியாக உண்டு.

பழைய ஏணி, இரவல் ஏணி

ஒவ்வொரு முறையும் ஏறுமுன் கீழிருந்து மேலே ஒரு நிமிடம் பார்த்தால் போதும். கால் ரப்பர் இருக்கிறதா, சட்டத்தில் விரிசலோ வளைவோ உண்டா, படி சுழல்கிறதா, குறுக்குப் பட்டை பூட்டுகிறதா, கயிறு பிரிந்திருக்கிறதா, படியில் சேறோ எண்ணெயோ ஒட்டியிருக்கிறதா. சேறு என்றால் துடைத்துவிட்டு ஏறலாம். உடைந்த படிக்குக் கம்பி சுற்றியிருந்தால், கட்டை வைத்து ஆணி அடித்திருந்தால், அந்த ஏணியை ஓரம் வைத்துவிடாதீர்கள். ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுங்கள். ஓரத்தில் இருந்தால் யாராவது ஒருநாள் எடுத்துவிடுவார்கள்.

ஏணியே வேண்டாத வேலைகள்

பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் சாய்ப்பு ஏணியிலும் மடக்கு ஏணியிலும் ஒரே நிலையில் 30 நிமிடத்துக்கு மேல் வேலை நீண்டால் மாற்று வழி பார்க்கச் சொல்கிறது. நல்ல அளவுகோல். இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் ஏணியில் இருக்க வேண்டும் என்பது ஏறும்போதும் இறங்கும்போதும் மாறாத விதி. இரண்டு கையும் தொடர்ந்து தேவைப்படும் வேலை, 10 கிலோவுக்கு மேல் எதையாவது தூக்கிப் பொருத்தும் வேலை, சுவர் நெடுக வர்ணம் அடிக்கும் வேலை: இவற்றுக்குச் சாரமோ சக்கரம் வைத்த கோபுர மேடையோ வாடகைக்கு எடுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் எந்த ஏணியும் வேண்டாம். கதவுக்கு முன்னால் ஏணி வைத்தால் கதவைப் பூட்டுங்கள் அல்லது திறந்து கட்டுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

கூரை எட்டு முதல் பத்தடி வரை உள்ள வீட்டுக்கு ஆறடி ஃபைபர் மடக்கு ஏணி, தட்டையான படி, 113 கிலோவோ அதற்கு மேலோ தாங்குவது. விளக்கு, மின்விசிறி, பரண், திரைச்சீலை எல்லாம் அதில் முடியும். மொட்டை மாடிக்கு ஆண்டில் ஒருமுறை ஏற நீள ஏணியை வாங்கி வைக்காமல் தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பது லாபம். வைக்க இடமும் மிச்சம்.

வாங்கியதை வெயில் படாமல் வையுங்கள். நீள ஏணியைப் படுக்கை வசமாக மாட்டினால் மூன்று இடத்தில் தாங்கி கொடுங்கள், இரண்டு முனையில் மட்டும் தொங்கினால் நடுவில் தொய்ந்துபோகும். வீட்டுக்கு வெளியே சுவரோரம் வைப்பதானால் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.